வான்கோ கடிதத் தளம்: ஓவியர்கள் படிக்க வேண்டிய 902 கடிதங்கள்

கண்காட்சிக்குப் போன படம் கட்டிய பொட்டலத்தோடு திரும்பி வரும்போது ஓவியருக்குக் கிடைக்கும் ஆறுதல் பெரும்பாலும் இரண்டு வகைதான். "உலகத்துக்கு உன்னைப் புரியவில்லை" என்பது ஒன்று. "வான்கோவே உயிரோடிருந்தபோது ஒரே ஒரு படம்தான் விற்றார்" என்பது இன்னொன்று. இந்த இரண்டாலும் அடுத்த படம் ஒரு துளிகூட மேம்படப் போவதில்லை. போதாததற்கு, அந்த 'ஒரே படம்' கதையும் முழுக்கச் சரியில்லை. 1882இல் ஆம்ஸ்டர்டாமில் ஓவிய வியாபாரியாக இருந்த சித்தப்பா, ஹேக் நகரக் காட்சிகள் பன்னிரண்டைப் பேனாவில் வரைந்து தரச் சொல்லி, ஒன்றுக்கு இரண்டரை கில்டர் கொடுத்து வாங்கினார். வான்கோ அதைத் தம்பிக்குச் சந்தோஷமாக எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது.

அந்தக் கடிதமும் எஞ்சியிருக்கும் மற்றக் கடிதங்களும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகமும் ஹாய்கன்ஸ் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 15 ஆண்டு உழைத்து, 2009 அக்டோபரில் திறந்த வான்கோ கடிதத் தளம் அது. அதே சமயத்தில் ஆறு பெரிய தொகுதிகளாக அச்சிலும் வந்தது. அச்சுத் தொகுதிகளின் விலை நம்மில் பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாது. தளத்துக்குக் கட்டணம் இல்லை. வான்கோ எழுதியதும் அவருக்கு வந்ததுமாக 902 கடிதங்கள் அதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் மூலம் (பெரும்பாலும் டச்சு அல்லது பிரெஞ்சு), ஆங்கில மொழிபெயர்ப்பு, கிடைத்தவரை தாளின் புகைப்படம், அடிக்குறிப்புகள், கடிதத்தில் பேசப்படும் ஓவியங்களின் படங்கள் எல்லாம் உண்டு. கடித வரிசை எண், பெறுநர், ஊர், காலம் என எந்த வழியிலும் உள்ளே போகலாம். உள்ளே கோட்டுப்படம் வரைந்திருக்கும் கடிதங்களை மட்டும் தனியாகவும் எடுக்கலாம்.

யாரிடமிருந்து கற்பது, யார் வேண்டாமென்று சொன்னாலும் எப்படி வேலையைத் தொடர்வது என்ற இரண்டு கேள்விகளுக்கு ஓவியர் ஒருவர் கைப்பட எழுதிய பதில் இவ்வளவு விரிவாக வேறெங்கும் கிடைப்பது அரிது. ஆனால் எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரியாமல் நுழைந்தால் அரைமணி நேரத்தில் சலித்துவிடும். ஆகவே வழியும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் மேற்கோள்களைச் சரிபார்க்கலாம். "உன்னால் வரைய முடியாது என்று உள்ளே ஒரு குரல் சொன்னால், உடனே வரை, அந்தக் குரல் அடங்கிவிடும்" என்ற வாசகத்தைப் பூப்படத்தின் மேல் ஒட்டிப் பகிராதவர் குறைவு. 400ஆம் கடிதத்தைத் திறந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். 1883 அக்டோபர் இறுதியில் நெதர்லாந்தின் திரெந்தே பகுதிச் சதுப்பு நிலத்திலிருந்து தம்பி தியோவுக்கு எழுதியது. தன்னைத் தேற்றிக்கொள்ள எழுதிய வரி அல்ல. பாரிஸில் ஓவிய வியாபார நிறுவனத்தில் வேலை பார்த்த தம்பியை, அந்த வேலையை விட்டுவிட்டு வந்து ஓவியராகு என்று வற்புறுத்துகிற கடிதம் அது. அதே இடத்தில், மனம் சோரும்போது நண்பர்களிடம் போய்ப் புலம்புகிறவன் தன் உறுதியில் கொஞ்சத்தை இழக்கிறான் என்றும் சொல்கிறார். வேலையைக் கையில் எடுப்பதுதான் மருந்து, எடுக்காமல் பேசுவதால் குணமாகாது என்பது அவருடைய எண்ணம். பூப்படத்தில் இந்தப் பாதி வருவதில்லை.

இந்தத் தளத்தின் உச்சம் என்று ஒரே ஒரு பக்கத்தைக் காட்டச் சொன்னால் அது 503ஆம் கடிதம். அதை எழுதியவர் வான்கோ அல்ல. 1885 மே 24 அன்று உத்ரெக்ட் நகரிலிருந்து ஓவியர் அந்தோன் வான் ராப்பார்ட் அவருக்கு எழுதியது. 1880இலிருந்து நெருங்கிய நண்பர், முறையாகக் கலைக்கல்லூரியில் படித்தவர். 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' படத்தின் கல்லச்சுப் பிரதியை (கல்லில் வரைந்து தாளில் எடுக்கும் அச்சு) வான்கோ அவருக்கு அனுப்பியிருந்தார். வந்த பதில் ஒவ்வொரு உறுப்பாகக் குறை சொல்லிக்கொண்டே போகிறது. பின்னால் இருக்கும் பெண்ணின் கை பாவனை காட்டுகிறது, உண்மையாகவே இல்லை. காப்பிக் கெண்டிக்கும் மேசைக்கும் கைப்பிடி மேல் கிடக்கும் கைக்கும் என்ன தொடர்பு? கெண்டி நிற்கவும் இல்லை, யாரும் பிடித்திருக்கவும் இல்லை. வலப்பக்கத்து மனிதனுக்கு முழங்காலும் வயிறும் நுரையீரலும் கிடையாதா, அல்லது முதுகில் இருக்கின்றனவா? கை ஏன் ஒரு மீட்டர் குறைகிறது? கடைசியில் வருகிறது பெரிய அடி: இப்படி வேலை செய்துகொண்டு மில்லேயின் பெயரையும் பிரெத்தோனின் பெயரையும் சொல்லத் துணிகிறாயா? (இருவரும் உழவர் வாழ்வை வரைந்த பிரெஞ்சு ஓவியர்கள்.)

இந்த இடத்தில் கல்லச்சின் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு ராப்பார்ட் சொன்ன ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். கெண்டியைப் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கையைப் பற்றிச் சொன்னதிலும் இருக்கிறது. அடிக்குறிப்புகளையும் விடக்கூடாது. இது பெரிய ஓவியத்தின் பிரதி அல்ல. அதற்கு முன் செய்த ஒரு எண்ணெய்வண்ண ஆயத்தப் படத்தை ஒட்டி, நினைவிலிருந்து, ஒரே நாளில் கல்லின் மேல் நேராக வரைந்தது. அதனால் அச்சில் இடம் வலம் மாறிவிட்டது. 82க்கு 114 செண்டிமீட்டர் அளவுள்ள இறுதிக் கேன்வாஸை ராப்பார்ட் பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இன்று தேர்வுக் குழுக்கள் அலைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்து முடிவு சொல்வதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. படைப்பை எந்த வடிவில் அனுப்புகிறோமோ அந்த வடிவம்தான் தேர்வுக்குப் போகிறது. பிரதி மோசமென்றால் மூலத்தின் தரத்தைச் சொல்லிப் பயனில்லை.

அடுத்து வான்கோ செய்தது முக்கியம். முதல் எதிர்வினை கோபம்தான். ஒரு சிறு குறிப்போடு அந்தக் கடிதத்தையே ராப்பார்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். அதுதான் 504. இங்கேயே நிறுத்திவிடுபவர்களுக்கு, குறை சொன்னவனை விரட்டிவிட்ட மேதை என்ற தப்பான பாடம்தான் கிடைக்கும். பெறுநர் பட்டியலில் ராப்பார்டைத் தேர்ந்து 1885 மே முதல் செப்டம்பர் வரை தொடர்ந்து படிக்க வேண்டும். தொனியை மன்னிக்க மறுக்கிறார். நண்பன் பேசும் முறையா இது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஆனால் கல்லச்சில் குறை இருப்பதை மறுக்கவில்லை. தனக்கு இன்னும் வராததைத்தான் எப்போதும் செய்துகொண்டிருப்பதாகவும், அதைச் செய்யக் கற்றுக்கொள்வதற்காகவே அப்படிச் செய்வதாகவும் 528ஆம் கடிதத்தில் சொல்கிறார். அடிபட்டு ஏறக்குறைய மூன்று மாதத்துக்குப் பிறகு எழுதிய வரி இது. இடைப்பட்ட வாரங்களின் வேலை தெரியாமல் இதை மட்டும் எடுத்துப் படித்தால் வெறும் பேச்சாகத்தான் தோன்றும்.

அந்த வேலை என்ன என்பதற்கு அதே மாதங்களில் தியோவுக்கு எழுதியவற்றைப் பார்க்க வேண்டும். ராப்பார்ட் மட்டுமல்ல, பாரிஸில் சேர்ரே என்ற ஓவியரும் உருவங்களில் குறை சொல்லியிருந்தார். 515ஆம் கடிதம் அவருக்கான பதில். கல்லூரிப் பாடப்படி சரியான உருவம் தனக்கு வேண்டாம். ஒரு மண்வெட்டுபவனைப் புகைப்படம் எடுத்தால் அதில் அவன் மண் வெட்டிக்கொண்டிருக்க மாட்டான். மைக்கலாஞ்சலோவின் உருவங்களுக்குக் கால்கள் நீளம், ஆனாலும் அவை அற்புதம். மில்லேயும் லெர்மித்தும்தான் உண்மையான ஓவியர்கள், பொருள்களை அவற்றின் உலர்ந்த அளவில் அல்லாமல் தாம் உணர்ந்தபடி வரைவதால் என்று வாதம் போகிறது. அதாவது எந்தப் பெயரைச் சொல்லத் தகுதியில்லை என்று ராப்பார்ட் சொன்னாரோ, அதே பெயரைப் பிடித்துக்கொண்டே எழுகிறார்.

வாதத்தோடு நின்றிருந்தால் இது சாதாரண வீம்பு. அந்தக் கோடையில் நூனென் கிராமத்தில் அவர் பெரிய தாள்களில் கறுப்புச் சாக்பீஸால் உழவர் உருவங்களை அடுக்கடுக்காக வரைந்தார்: குனிந்து கிழங்கு எடுப்பவள், கதிர் பொறுக்குபவள், அறுப்பவன், மண்வெட்டியோடு நிற்பவன். பழைய ஆசான்கள் உருவத்தை வெளிக்கோட்டிலிருந்து தொடங்கவில்லை, நடுப்பகுதியின் திரட்சியிலிருந்து தொடங்கினார்கள் என்று பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா சொன்னதாக ஒரு புத்தகத்தில் படித்திருந்தார். அதை அப்படியே சோதித்துப் பார்க்கிறார். வசந்தகாலப் படங்களையும் ஆகஸ்டு மாதப் படங்களையும் அருகருகே வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். முன்னவற்றில் உடம்பு தட்டையாக, துணிக்குள் ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். பின்னவற்றில் இடுப்பும் முதுகும் பருமனோடு உருண்டு நிற்கும். ராப்பார்ட் கேட்ட வயிறும் முழங்காலும் வந்து சேர்ந்துவிட்டன. நிராகரிப்பும் பாதிப்பும் ஒரே வேலையில் இப்படிக் கலப்பதைத் தேதிவாரியாகக் காட்டுவதுதான் இந்தத் தளத்தின் பெரும்பலம்.

பாதிப்பு என்றதும் நம் ஓவியர்களுக்குள்ள கூச்சம் ஒன்று உண்டு. "யார் சாயல் இது?" என்ற கேள்வியைக் குற்றச்சாட்டாகவே கேட்கிறோம், கேட்கப்பட்டவரும் மறுக்கிறார். 805ஆம் கடிதம் இந்தக் கூச்சத்தைப் போக்கும். 1889 செப்டம்பர், சான் ரெமி மனநல விடுதி. நோய் கண்டு வெளியே போக முடியாத வாரங்களில் மில்லே, தெலக்ருவா படங்களின் கறுப்பு வெள்ளை அச்சுகளை எடுத்து வைத்து வண்ணத்தில் வரைகிறார். இசையில் ஒருவர் அமைத்ததை இன்னொருவர் தன் போக்கில் வாசிப்பதில்லையா, ஓவியத்தில் மட்டும் எல்லாவற்றையும் நாமே அமைக்க வேண்டுமென்று ஏன் கேட்கிறார்கள் என்பது அவர் கேள்வி. முறையையும் எழுதுகிறார்: அச்சைக் கருவாக எதிரில் வைத்துக்கொண்டு அதன் மேல் வண்ணத்தைத் தானே கற்பனை செய்கிறார். ஆனால் முழுக்கத் தன் இஷ்டமில்லை. அந்த ஓவியர்களின் நிஜப் படங்களில் பார்த்த வண்ணங்களின் மங்கலான ஞாபகத்தைத் தேடிப் போகிறார். அது சரியாக இல்லாவிட்டாலும் உணர்வில் ஒத்துப்போனால் போதும் என்கிறார்.

இதை அப்படியே பயிற்சியாகச் செய்யலாம். விரும்பும் ஓவியரின் ஒரு படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுங்கள். அதன் மேல் பென்சிலால் கட்டம் போட்டுக் கேன்வாஸுக்குப் பெரிதாக்குங்கள். 1890 ஜனவரியில் மில்லேயின் 'முதல் அடிகள்' படத்தை வரைந்தபோது, தியோ அனுப்பிய புகைப்படத்தின் மேல் வான்கோவும் கட்டம்தான் போட்டார். மூலத்தின் வண்ணப் படத்தை அந்த நாட்களில் திறக்காதீர்கள். வண்ணத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தால் அது நகல், பார்க்காமல் வைக்கும்போதுதான் உங்கள் கை என்ன செய்கிறது என்று தெரியும். வழக்கமாகக் கெடுவது வெளிச்சம்–இருள் ஒழுங்கு. வண்ண ஆர்வத்தில் அச்சிலுள்ள கருமையை வெளிறவிட்டால் உருவம் கலைந்துவிடும். வேலை நடுவில் படத்தைக் கறுப்பு வெள்ளையில் புகைப்படம் எடுத்து அச்சோடு ஒப்பிட்டுக்கொண்டால் தப்பிக்கலாம்.

801ஆம் கடிதத்தில் சின்னச் செய்தி ஒன்று. தெலக்ருவாவின் 'பியெத்தா' (இறந்த ஏசுவும் தாய் மரியாளும்) கல்லச்சு எண்ணெயிலும் வண்ணத்திலும் விழுந்து கெட்டுவிட்டது; அந்த வருத்தத்தில்தான் அதை வரையத் தொடங்கினார். கறை படிந்த அந்தத் தாளையே அருங்காட்சியகம் வைத்திருக்கிறது.

இதற்கு இணையான இன்னொரு கடிதம் 853. 1890 ஜனவரியில் ஆல்பர் ஓரியே என்ற இளம் விமரிசகர் பாரிஸ் பத்திரிகை ஒன்றில் வான்கோவைப் பற்றி முதன்முதலாக நீண்ட கட்டுரை எழுதுகிறார், வானளாவப் புகழ்ந்து. பத்தாண்டு புறக்கணிப்புக்குப் பிறகு வந்த பாராட்டு. நன்றி சொல்லி எழுதிய பதிலில் வான்கோ செய்வது என்ன? இந்தப் புகழ் ஓவியர் மோந்திசெல்லிக்குப் போக வேண்டியது, சக ஓவியர் கோகனுக்கு நான் பட்ட கடன் பெரிது, எனக்குக் கிடைக்கும் பங்கு மிகச் சிறியதுதான் என்று பங்கு பிரிக்கிறார். பணிவு காட்டுவதற்காக எழுதியதாகப் படவில்லை. மோந்திசெல்லியின் வண்ணம் எங்கே, எப்படி என்று விளக்கமாகவே பேசுகிறார். கூடவே, பரிசாக அனுப்பப்போகும் சைப்ரஸ் மரப் படத்துக்குப் பராமரிப்புக் குறிப்பும்: தடித்த பூச்சு உள்வரை காய ஓராண்டு ஆகும், அதற்குள் எண்ணெய் முழுக்க வெளியேறும்படி நிறையத் தண்ணீர் விட்டுச் சில தடவை கழுவ வேண்டும், பிறகு நல்ல வார்னிஷ் பூச வேண்டும், சட்டம் தட்டையாக, எளிமையாக, பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கட்டும். தண்ணீர் விட்டுக் கழுவும் யோசனையை இன்று யாரும் பின்பற்ற வேண்டாம். தடித்த பூச்சில் வார்னிஷுக்கு அவசரப்படக்கூடாது என்பது இன்றும் செல்லும்.

கைவினைத் தகவலுக்காக மட்டும் வருபவர்களுக்கும் இங்கே நிறைய இருக்கிறது. 593இல் தியோவிடம் கேட்ட வண்ணப் பட்டியல் குழாய் எண்ணிக்கையோடு உள்ளது. 253இல் ஷெவனிங்கன் கடற்கரையில் பயன்படுத்திய பார்வைச் சட்டத்தின் (தூரத்துக்கேற்ற அளவைப் பார்த்து வரைய உதவும் சட்டம்) கோட்டுப்படம். த்யூரர் போன்ற பழைய ஆசான்களிடமிருந்து வந்த கருவியை மணலில் ஊன்றுவதற்குத் தோதாகச் செய்துகொண்டது. 705இல் படுக்கையறை ஓவியத்தின் ஒவ்வொரு பரப்புக்கும் நிறம் சொல்கிறார்: சுவர் வெளிர் ஊதா. இன்று அந்தப் படத்தில் சுவர் நீலமாகத்தான் தெரிகிறது. ஊதாவுக்குள் கலந்த சிவப்பு வெளிச்சத்தில் மங்கிப்போனதே காரணம். வான்கோவின் வண்ணச் சேர்க்கையை அச்சுப் படத்தைப் பார்த்துக் கற்பவர்கள், கடிதத்தில் அவர் சொன்ன நிறத்தையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம். நீலத்தையும் மஞ்சளையும் வைத்து நாம் செய்யும் முடிவு பல இடங்களில் அவர் செய்ததே அல்ல.

இனிக் குறைகள். பாதிப்பைப் படிக்க வருபவர்களுக்குப் பெரிய ஏமாற்றம் பாரிஸ் காலம். 1886 மார்ச் முதல் 1888 பிப்ரவரி வரை அண்ணனும் தம்பியும் ஒரே நகரில், பெரும்பாலும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அதனால் கடிதங்கள் மிகக் குறைவு. இருண்ட பழுப்பிலிருந்து பளிச்சென்ற வண்ணத்துக்கு அவர் மாறியதும், கணநேர ஒளியையும் வண்ணத்தையும் வரைந்த இம்ப்ரெஷனிஸ்டுகளை நேரில் பார்த்ததும், ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் அச்சுகளை எண்ணெய் வண்ணத்தில் வரைந்ததும் அந்த இரண்டு வருடத்தில்தான். அந்த மாற்றத்தைப் படங்களில்தான் தொடர முடியும். ஜப்பானிய ஓவியத்தைப் பற்றி அவர் விரிவாகப் பேசுவது பிறகு ஆர்ல் நகரிலிருந்து, 686ஐப் படிக்கலாம்.

இரண்டாவது, பெரும்பாலும் ஒரு பக்கம்தான் கேட்கிறது. வான்கோ எழுதியதைத் தியோ பத்திரப்படுத்தினார், வான்கோ தனக்கு வந்ததைப் பெரும்பாலும் வைத்துக்கொள்ளவில்லை. ஓவியர் மோவே, ஓவிய வியாபாரி தெர்ஸ்டேக் போன்றவர்கள் அவரை ஒதுக்கிய விதத்தை அவர் வாய்மொழியாகவே அறிகிறோம். அவர் கோபக்காரர், சில கடிதங்களில் எதிராளிக்கு நியாயமே கொடுப்பதில்லை. ராப்பார்டின் கடிதம் நேராகக் கையில் கிடைப்பது அதனால்தான் இவ்வளவு மதிப்பு.

மூன்றாவது எண் குழப்பம். பழைய புத்தகங்கள் தரும் கடித எண்ணும் இந்தத் தளத்தின் எண்ணும் வேறு வேறு. ஓரியேவுக்கு எழுதியது பழைய கணக்கில் 626அ, இங்கே 853. இங்கே 626 என்று தட்டினால் தங்கை வில்லெமினுக்கு எழுதிய வேறொரு கடிதம் வரும். தளத்திலேயே இரு எண்களுக்குமான ஒப்பீட்டுப் பட்டியல் உண்டு, அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தேதிகளிலும் கவனம் வேண்டும். பல கடிதங்களில் அவர் தேதி போடவில்லை. 'ஏறக்குறைய' என்று இருந்தால் அது பதிப்பாசிரியர்கள் கணித்தது.

தேடும்போது 'நிராகரிப்பு', 'தோல்வி' என்ற பொருள் வரும் ஆங்கிலச் சொற்களைத் தட்டினால் உருப்படியாக ஒன்றும் சிக்காது; அவர் அப்படிப் பொதுப்படப் பேசுபவரல்ல. ஆட்களின் பெயரைத் தட்டுங்கள். மில்லே என்று போட்டால் முடிவுகள் குவியும், அப்போது காலத்தை வைத்துச் சுருக்குங்கள். தளத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு இல்லை. ஆங்கிலம் எளிமையானதுதான், ஆனால் அவருடைய அறுந்த வாக்கியங்களையும் திடீர்த் தாவல்களையும் வேண்டுமென்றே அப்படியே வைத்திருப்பதால் முதல் சில கடிதங்களில் தடுமாற்றம் இருக்கும். அலைபேசியில் படிக்கலாமே தவிர, மூலத் தாளையும் மொழிபெயர்ப்பையும் ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குக் கணினித் திரை வேண்டும்.

முதல் கடிதத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்காதீர்கள். 1872இல் தொடங்கி ஓவியராவதற்கு முந்தைய எட்டு வருடக் கடிதங்களில் மதப்பற்றும் குடும்பச் செய்தியும்தான் அதிகம். 155இல் தொடங்கலாம்: 1880 கோடை, ஓவிய வியாபார வேலையும் போய், சுரங்கப் பகுதியில் பிரசங்கி வேலையும் போய், வீட்டாருக்கும் உதவாதவர் என்று பெயரெடுத்த நிலையில் எழுதிய நெடுங்கடிதம். அடுத்து 274, வரைதல் என்பது உணர்வதற்கும் முடிவதற்கும் நடுவே நிற்கும் கண்ணுக்குத் தெரியாத இரும்புச் சுவரை அரத்தால் மெல்ல மெல்ல அறுப்பது என்று சொல்லும் கடிதம். பிறகு 400. அதன் பின் 497இலிருந்து 528 வரை ஒன்று விடாமல், தியோவுக்கும் ராப்பார்டுக்கும் எழுதியவற்றைக் கலந்தே. பிறகு 574, 805, 853. இந்த வரிசையில் 574ஐத் தவிர்க்காதீர்கள். 1887இல் பாரிஸிலிருந்து தங்கைக்கு எழுதியது. தான் செய்தவற்றில் இதுவரை சிறந்தது நூனெனில் வரைந்த கிழங்கு உண்ணும் உழவர்கள் படம்தான் என்று அதில் சொல்கிறார். ராப்பார்டின் கடிதம் வந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது; அதற்குள் வண்ணமும் பூச்சும் முழுக்க மாறியிருந்தன. 1890 ஏப்ரலிலும் அந்தப் படத்தை மறுபடி வரைந்து பார்க்கப் பழைய உருவப் படங்களை அனுப்பும்படி தியோவிடம் கேட்கிறார்.